பர்மனென்ட்டா?

போன மாதம் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என்னைப் போலவே ரிட்டயர்டு ஆசாமி. சாம்பார் வருவதற்குள் பிள்ளைகள் கணக்கைக் கேட்டு முடித்துவிட்டார். ரசம் வரும்போது, "சின்னப் பொண்ணு ஜப்பான்லதானே? வேலை பர்மனென்ட்டா?" என்றார்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நான் யோசித்ததே இல்லை. "ஆமாம், பர்மனென்ட்" என்று அடித்துச் சொல்லிவிடுவேன். அன்று வாய் வரவில்லை. "வேலையில இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாயசத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா குறைஞ்சா போயிடும்?" என்று கோபித்துக்கொண்டாள். குறைந்து போகாதுதான். ஆனாலும் ஏன் சொல்ல முடியவில்லை என்பதைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தப் "பர்மனென்ட்" ஒரு குலதெய்வம் மாதிரி. என் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் கொம்மி, அதாவது குமாஸ்தா. அதிலும் "ஒக்ஸிலியேர்". துணைக்கு வைத்துக்கொண்ட ஆள் என்று அர்த்தம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் "தித்துலேர்", பதவிக்கு உரியவர். இரண்டு பேருக்கும் ஒரே மை, ஒரே பேனா, ஒரே வெயில். ஆனால் மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும். நான் பள்ளியில் பிரெஞ்சில் படித்த காலத்தில் இந்த இரண்டு சொல்லையும் அகராதியில் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அம்மா அரிசி வாங்கும்போதே விளங்கிவிட்டது.

1972-ல் நான் பாண்டியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். டெம்பரரி. ஒரு மாத நோட்டீஸில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று விதி. மூன்று வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால் "குவாசி பர்மனென்ட்" ஆக்கலாம் என்று அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. அந்த ஆர்டரைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "குவாசின்னா 'கிட்டத்தட்ட'ன்னு அர்த்தம்டா. கிட்டத்தட்ட நிரந்தரம்னா என்னடா? கிட்டத்தட்ட கல்யாணம் ஆன மாதிரியா?" என்று சிரித்தார். கன்பர்மேஷன் ஆர்டர் 1981-ல் வந்தது. அதற்குள் அவர் போய்விட்டார்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன பெண், ஜப்பானிய மொழி படித்து, யோக்கஹாமாவில் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலையில் 2018 ஏப்ரலில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டுப் "பர்மனென்ட்" என்று அறிவித்தவன் நான். அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. ஜப்பான் என்றாலே ஒருமுறை சேர்ந்தால் கிழவனாகி வெளியே வரும்வரை ஒரே கம்பெனி என்று எங்கேயோ படித்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

2019 ஏப்ரலில் நானும் மனைவியும் ஒரு மாதம் அங்கே போனோம். பூப்பூக்கும் காலத்தின் கடைசி. மே முதல் தேதி புதுச் சக்கரவர்த்தி வந்து ரெய்வா சகாப்தம் பிறக்கப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம், "உங்க ஆபீஸ்ல கன்பர்மேஷன் எத்தனை வருஷத்தில வரும்மா?" என்று கேட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் பர்மனென்ட் இல்லப்பா. கெய்யாக்கு."

"அப்படின்னா?"

"ஒப்பந்தம். வருஷா வருஷம் கையெழுத்து."

எனக்கு எதுவும் பேசத் தோன்றவில்லை. அவளே ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினாள். நான் குமாஸ்தா. எழுத்தில் பார்த்தால்தான் மனசில் ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் எழுதியது "ஸெய்ஷாயின்". நாம் பர்மனென்ட் ஊழியர் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்லும் சொல். "ஷாயின்" என்றால் கம்பெனியின் உறுப்பினர். சட்டப் புத்தகத்தில் இதே சொல்லுக்குப் பங்குதாரர் என்ற அர்த்தம்கூட உண்டாம். பேச்சு வழக்கில் ஊழியனை அப்படிச் சொல்கிறார்கள், குடும்பத்தில் ஒருவன் என்கிற மாதிரி. அதற்கு முன்னால் வரும் "ஸெய்" என்ற எழுத்துக்குத்தான் நான் எதிர்பார்க்காத அர்த்தம் இருந்தது. நிரந்தரம் என்று இல்லை. "சரியான", "முறையான" என்று அர்த்தம்.

அடுத்தது "ஹிஸெய்கி". "ஹி" என்றால் அல்லாத. முறையானது அல்லாத. இந்த ஒரு குடைக்குள்தான் மற்ற எல்லாரும்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் நிரந்தரம், தற்காலிகம் என்கிறோம். இரண்டும் காலத்தைப் பற்றிய சொல். கொஞ்ச நாள் இருப்பவன், நெடுநாள் இருப்பவன், அவ்வளவுதான். பிரெஞ்சிலும் கம்பெனி வேலைக்குக் கால வரையறை உள்ள ஒப்பந்தம், கால வரையறை இல்லாத ஒப்பந்தம் என்று இரண்டு உண்டு. அதுவும் காலக்கணக்கே. ஜப்பானியச் சட்டத்திலும் அதே போல "யூக்கி", "முக்கி" என்று இரண்டு சொல் இருக்கின்றன. கெடு உள்ளது, கெடு இல்லாதது. ஆனால் தெருவில், பேப்பரில், பெண் பார்க்கும் இடத்தில், பேங்கில் கடன் கேட்கும் இடத்தில் புழங்கும் சொல் வேறு. அங்கே நீ சரியானவனா, சரியல்லாதவனா என்பதே கேள்வி.

"சரியல்லாத குடையில யார் யாரெல்லாம்?" என்றேன்.

வரிசையாக எழுதினாள். "பாட்டோ" என்பது பார்ட் டைம் என்ற ஆங்கிலம் தேய்ந்தது. பெரும்பாலும் குடும்பப் பெண்களைக் குறிக்கும். பாட்டோ என்று பெயரே தவிர, சிலர் முழு நாளும் வேலை பார்ப்பார்களாம். "அருபைட்டோ" மாணவர்கள் பார்க்கும் சில்லறை வேலை. வேலை என்பதற்கான ஜெர்மன் சொல், மாணவர் பேச்சில் புகுந்து தங்கிவிட்டது. அந்தச் சொல்லின் வாலோடு ஆங்கில "ஃப்ரீ" என்ற தலையை ஒட்டவைத்து 1980-களின் கடைசியில் "ஃபுரீட்டா" என்று ஒன்று பிறந்தது. எந்தக் கம்பெனியிலும் கட்டுப்படாமல் சில்லறை வேலைகளில் காலம் தள்ளும் இளைஞன். முதலில் பெருமையாகத்தான் சொன்னார்களாம், பிற்பாடு அதுவே பரிதாபமாகிவிட்டது. "ஷொக்குதாக்கு" பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்களைக் குறைந்த சம்பளத்தில் திரும்ப வைத்துக்கொள்வது. "ஜுன் ஷாயின்" என்று ஒன்றை எழுதியபோது நான் சிரித்துவிட்டேன். "ஜுன்" என்றால் கிட்டத்தட்ட. என் குவாசி பர்மனென்ட் யோக்கஹாமாவில் உயிரோடு இருந்தது! அப்பா இருந்திருந்தால் அதே கல்யாண உவமையைச் சொல்லியிருப்பார்.

நடுவில் என் பிரெஞ்சு மனசைத் தேற்றவோ என்னவோ, "அப்பா, பிரெஞ்சு வார்த்தைகூட ஒண்ணு இருக்கு. வேலைக்கு மட்டம் போடறதை 'சபொரு'ன்னு சொல்வாங்க. 'சபொத்தாஜ்'லேர்ந்து வந்தது" என்றாள். உழைப்புக்கு ஜெர்மன், மட்டம் போட பிரெஞ்சு! என் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

கடைசியாக எழுதியது "ஹாக்கென்". அனுப்பப்பட்டவர் என்று அர்த்தம். சம்பளம் கொடுப்பது ஓர் ஏஜென்சி, வேலை வாங்குவது வேறொரு கம்பெனி. 1985-ல் இதற்கு ஒரு சட்டம் போட்டு, சில தனித்திறன் வேலைகளுக்கு மட்டும் அனுமதித்தார்கள். 1999-ல் பெரும்பாலான வேலைகளுக்குத் திறந்துவிட்டார்கள். 2004-ல் தொழிற்சாலைக்குள்ளும் வந்தது. அவள் ஆபீஸில் அப்படி ஒரு பெண் இருந்தாளாம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஹாக்கென்-சான்" என்பார்களாம். சான் என்பது நம் "அவர்களே" மாதிரி மரியாதைச் சொல். "மரியாதை இருக்குப்பா, பேர்தான் இல்ல" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் தோக்கியோவுக்குக் கூட்டிப்போய் ஹிபியா பூங்காவைக் காட்டினாள். அழகான பூங்கா, பூச்செடிகள், நீரூற்று. 2008 கடைசியில் உலகமெல்லாம் பொருளாதாரம் சரிந்தபோது, கார், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் முதலில் ஹாக்கென் ஆட்களைத்தான் நிறுத்தின. அவர்களில் பலர் கம்பெனி ஏற்பாடு செய்த அறைகளில் தங்கியிருந்தவர்கள். வேலை போன அன்றே கூரையும் போனது. வருஷப் பிறப்பு சமயத்தில், நல்ல குளிரில், தொண்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து இந்தப் பூங்காவில் கூடாரம் போட்டுச் சோறு போட்டார்கள். "ஹாக்கென் கிராமம்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய ஐந்நூறு பேர் வந்து சேர்ந்தார்கள். கூடாரம் போதாமல், எதிரே இருந்த தொழிலாளர் நல அமைச்சகத்தின் கூடத்தையே ஜனவரி 2-ந் தேதி இரவு திறந்துவிட்டார்கள். அரசு ஆபீஸ் கூடத்தில் ஆட்கள் படுத்துறங்குவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் மழைக்கு ஒதுங்கியவனையே வாட்ச்மேன் விரட்டுவான்.

"ஒருமுறை சேர்ந்தா கடைசி வரைக்கும்னு படிச்சேனே, அதெல்லாம் பொய்யா?" என்று கேட்டேன். பொய்யில்லை, பாதி உண்மை என்றாள். "ஷூஷின் கொயோ", ஆயுள் முழுக்க வேலை என்ற ஏற்பாடு யுத்தத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகளில் வேரூன்றியது. படிப்பு முடித்த பிள்ளைகள் ஏப்ரல் முதல் தேதி மொத்தமாகச் சேருவார்கள். வருஷத்துக்கு இரண்டு போனஸ், கடைசியில் ஒரு தொகை. ஆனால் அந்தக் காலத்திலேயே பக்கத்தில் தற்காலிகத் தொழிலாளிகளும், நாள் கூலிகளும், கல்யாணமானால் வீட்டுக்குப் போக வேண்டிய பெண்களும் இருந்தார்கள். வியாபாரம் சரிந்தால் முதலில் அசைவது அவர்கள்தான். சுமார் 1990-ல் சம்பளக்காரர்களில் நூற்றுக்கு 20 பேர் ஹிஸெய்கி. இப்போது 37 பேர் அளவுக்கு வந்துவிட்டது. பெண்களில் பாதிக்கு மேல்.

ஊர் திரும்பும்போது ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். 2013 ஏப்ரலில் அமலான ஒரு சட்டத் திருத்தம். கெடு வைத்த ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து மொத்தம் ஐந்து வருஷத்தைத் தாண்டினால், ஊழியர் கேட்ட மாத்திரத்தில் கெடு இல்லாத ஒப்பந்தமாக மாற்றியாக வேண்டும். கம்பெனி மறுக்க முடியாது. சம்பளம் உயரும் என்று உத்தரவாதம் இல்லை, ஸெய்ஷாயின் ஆகிவிடுவாள் என்றும் இல்லை. ஆனால் மார்ச் 31 வந்தால் வயிறு கலங்க வேண்டாம். நான் விரல் விட்டு எண்ணினேன். 2018-ல் சேர்ந்தவள், 2023 ஏப்ரலில் ஆறாவது ஒப்பந்தம் தொடங்கினால் போதும். சொந்தக்காரர்களிடம் பழையபடி பர்மனென்ட் என்றே சொல்லிக்கொண்டு, மனசுக்குள் நாள் எண்ணினேன்.

அந்த "ஸெய்" எழுத்துக்கு ஐந்து கோடு. நாம் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று அடித்து எண்ணுகிறோமே, அது மாதிரி அவர்கள் ஐந்து ஐந்தாக எண்ணுவதற்கு அந்த எழுத்தைத்தான் ஒவ்வொரு கோடாகப் போடுவார்களாம். நானும் டயரியில் வருஷத்துக்கு ஒரு கோடு போட்டு வந்தேன். இடையில் கொரோனா வந்தது, போனது.

2023 பிப்ரவரியில் போன் வந்தது. புதுப்பிக்கப் போவதில்லையாம். ஐந்து வருஷத்துக்கு மேல் கிடையாது என்று முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்ததாம். சட்டம் ஐந்தைத் தாண்டினால் என்கிறது. கம்பெனி ஐந்து முடிகிற அன்றே நிறுத்துகிறது. இப்படிப் புதுப்பிக்காமல் விடுவதற்கும் ஒரு சொல் உண்டு, "யாத்தொய்தொமே". வேலையை விட்டு நீக்குவது என்றால் காரணம் சொல்ல வேண்டும். இது நீக்கம் இல்லையாம், நிறுத்தம். ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப வந்தால் கணக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதற்குக் "கூலிங்" என்று பெயர். ஆற வைப்பது! அவளிடம் வாய்மொழியாக ஒருவர், "செப்டம்பர் கழிஞ்சு வேணும்னா விண்ணப்பம் போடுங்க" என்று சொன்னாராம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "எவன்மா அந்த ஃபைலை எழுதினது? அவனுக்குக் குடும்பம் குட்டி இல்லையா?" என்று கத்தினேன். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த ஃபைல் எனக்குத் தெரியும். 1980-களில் எங்கள் ஆபீஸில் தண்ணீர் பிடித்து வைக்க, பெருக்க, ரெக்கார்டு ரூமில் கட்டுகளைத் தூக்கி வைக்க ஓர் அம்மா இருந்தார். தினக்கூலி. தொடர்ச்சி வரக்கூடாது என்பதற்காக 89 நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் நிறுத்திவிட்டு, மறுநாள் புதிதாக எடுப்பது போல எடுக்க வேண்டும். "பிரேக்" என்போம். அந்தக் குறிப்பை எழுதி மேலே அனுப்புவது என் சீட். நல்ல கையெழுத்து என்று சூப்பரிண்டெண்டென்ட் பாராட்டுவார். ஒரு வருஷமல்ல, எட்டு வருஷம் எழுதினேன். பிரேக் அன்றைக்கும் அந்த அம்மா வந்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் இருந்தால் வேறு யாரையாவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம். ஒருமுறை என்னிடம், "நாளைக்கு நான் கணக்குல இல்லாத ஆளா சார்?" என்று கேட்டார். "ரூல்ஸ்மா" என்றேன்.

1992-ல் ஆள் குறைப்பு என்று அவரை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்தக் குறிப்பும் என் கையெழுத்துதான். மறு வருஷம், 1993 செப்டம்பரில், தினக்கூலிகளுக்குத் "தற்காலிக அந்தஸ்து" கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் வந்தது. அன்றைய தேதியில் வேலையில் இருந்தால்தான் பட்டியலில் வரலாம். அவர் பெயர் இல்லை. நான் அன்று அதைப் பெரிதாக நினைத்ததாகக்கூட ஞாபகமில்லை. பட்டியல் டைப் செய்து சரிபார்த்து அனுப்பினேன், அவ்வளவுதான்.

மகளிடம் போனில் இதைச் சொன்னேன். முப்பது வருஷத்தில் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க எழுதலைன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்கப்பா" என்றாள்.

"இருக்கலாம்மா. உன் ஃபைலை எழுதினவனும் அப்படித்தான் நினைச்சிருப்பான்" என்றேன்.

அந்த அம்மாவை இப்போது தேடலாம் என்றால் எப்படித் தேடுவது? என் பெயருக்கு ஒரு சர்வீஸ் புக் உண்டு. பிறந்த தேதி, அங்க அடையாளம், நாமினி எல்லாம் அதில் இருக்கும். தினக்கூலிக்கு அது கிடையாது. மஸ்டர் ரோலில் ஒரு பெயர், ஒரு கைநாட்டு. அந்தத் தாள்களையும் கெடு முடிந்தது என்று கழித்துப் போட்டாகிவிட்டது. கழிக்கும் லிஸ்ட் போட்டவர்களில் நானும் ஒருவன். லாஸ்பேட்டை பக்கம் இருந்தார் என்று மட்டும் நினைவு. இரண்டு முறை போய் விசாரித்தேன். தெரிந்தவர் யாரும் இல்லை.

மகள் 14 நாளுக்குள் குடிநுழைவு இலாகாவுக்குத் தகவல் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் அலைந்து, வேறொரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். அதுவும் கெய்யாக்குதான். இந்தத் தடவை ஐந்து வருஷ வரி இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இல்லையாம். அவளுடைய வார்டு ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்கூட வருஷ ஆள்தானாம். 2020-லிருந்து உள்ளாட்சி அலுவலகங்களில் அவர்களுக்கு "நிதியாண்டு நியமன ஊழியர்" என்று நீளமான ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை, நம் பட்ஜெட் மாதிரி. நூலகத்திலும் குழந்தைகள் காப்பகத்திலும் இவர்கள் நிறைய. "எனக்கு வேலை போச்சுன்னு பேப்பர் வாங்கிப் பதிஞ்சதும் அப்படி ஒரு அம்மாதாம்பா. ரொம்பப் பொறுமையா சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள்.

"யாராவது கேட்டா என்னம்மா சொல்லட்டும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"வேலையில இருக்கேன்னு சொல்லுங்கப்பா. அது உண்மைதானே?"

அதனால்தான் அன்று பந்தியில் அப்படிச் சொன்னேன். இதைப் படிக்கும் நண்பர்களில் என்னைப் போல எஸ்டாப்ளிஷ்மென்ட் சீட்டில் உட்கார்ந்தவர்கள் சிலர் உண்டு என்று தெரியும். உங்கள் கையிலும் ஒரு பிரேக் ஃபைல் இருந்திருக்கும். லாஸ்பேட்டையிலோ பக்கத்திலோ, அந்தக் காலத்தில் மத்திய அரசு ஆபீஸில் தண்ணீர் பிடித்து வைத்த ஓர் அம்மாவை யாருக்காவது தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். போய் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பெயரையாவது கேட்டு எழுதிக்கொள்வேன்.